அதிகாரிப் பயிற்சிக்குப் போகும் முன் உடலை எங்கே தயார்செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலில் தேறியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. தகுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் சேர வேண்டும். இடையில் கிடைப்பது சிலருக்கு ஆறு வாரம், சிலருக்கு ஆறு மாதம். இந்தக் காலத்தில் உடற்பயிற்சியை எங்கே, யாரிடம் செய்வது என்ற கேள்வி பல வீடுகளில் குழப்பத்தை உண்டாக்குகிறது. "ஊர் மைதானத்தில் நானே ஓடிக்கொள்கிறேன்" என்கிறார் மகன். "மாமா சொன்ன அகாடமியில் மூன்று மாதம் தங்கிவிட்டு வா" என்கிறார் அப்பா. நண்பர் ஜிம்முக்கு அழைக்கிறார். விளையாட்டரங்கத்தில் ஒரு தடகளப் பயிற்சியாளர் இருக்கிறார், அவரையும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை.

நான்கு வழிகளிலும் தயாராகி, பயிற்சியை நல்லபடியாக முடித்துத் தோளில் நட்சத்திரம் அணிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே நான்கு வழிகளிலும் போய், சேர்ந்த சில வாரங்களிலேயே முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. உங்களிடம் இருக்கும் வாரங்களுக்கும் இன்றைய உடல்நிலைக்கும் எது பொருந்தும் என்றுதான் பார்க்க வேண்டும்.

## எதற்காகத் தயாராகிறோம்?

தமிழ்நாட்டில் ராணுவ உடற்பயிற்சி என்றவுடன் நினைவுக்கு வருவது சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாம். அங்கே உடற்தகுதித் தேர்வு ஒரு வாசல். 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 மதிப்பெண். அதோடு ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து செல்லும் கட்டையின் மேல் தடுமாறாமல் நடக்க வேண்டும். அந்த ஒரு காலை நேரத்தில் உடல் உச்சத்தில் இருந்தால் போதும், வாசல் திறந்துவிடும்.

அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர்களின் நிலைமை வேறு. எஸ்.எஸ்.பி.யில் தடைகளைத் தாண்டும் பகுதி உண்டென்றாலும், நிமிடக் கணக்கில் ஓடவைத்து மதிப்பெண் போடும் தேர்வு கிடையாது. உண்மையான உடற்சோதனை உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது. அது ஒரு நாளில் முடியாது, 49 வாரம் நீடிக்கும். பள்ளிப் படிப்பு முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வுக்குப் போகிறவர்களுக்கு மூன்று ஆண்டு, அதன் பிறகு மேலும் ஓராண்டு.

உள்ளே வரும்போது உடல் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் குறுகியகால அதிகாரிப் பணிக்கான (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) அண்மை அறிவிக்கைகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆண்கள் 2.4 கி.மீ. தூரத்தை 10 நிமிடம் 30 வினாடியிலும் பெண்கள் 13 நிமிடத்திலும் ஓட வேண்டும். புஷ்-அப்ஸ் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 15. புல்-அப்ஸ் 6, பெண்களுக்கு 2. சிட்-அப்ஸ் 30, பெண்களுக்கு 25. நீச்சலில் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். அறிவிக்கைக்கு அறிவிக்கை சிறு மாற்றங்கள் வரும் என்பதால், உங்கள் அறிவிக்கையில் அச்சாகியிருப்பதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

400 மீட்டர் தடத்தில் 2.4 கி.மீ. என்பது சரியாக ஆறு சுற்று. 10 நிமிடம் 30 வினாடி என்றால் ஒரு சுற்றுக்கு 105 வினாடி. பெண்களுக்கு 130 வினாடி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பயிற்சி எளிதாகிவிடும், கைக்கடிகாரம் ஒன்று போதும்.

உள்ளே இரண்டு வகைத் தேர்வுகள் காத்திருக்கின்றன. உடற்திறன் தேர்வான பி.பி.டி.யில் 2.4 கி.மீ. ஓட்டம், விரைவோட்டம், சின்-அப்ஸ், சிட்-அப்ஸ் போன்றவை வரும். போர்த்திறன் தேர்வான பி.பி.இ.டி.யில் துப்பாக்கியும் போர்க்களச் சாதனங்களும் சுமந்தபடி 5 கி.மீ. ஓட்டம், 60 மீட்டர் விரைவோட்டம், செங்குத்துக் கயிறு, கிடைமட்டக் கயிறு, ஒன்பது அடிப் பள்ளம் ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே தினமும் அணிவகுப்புப் பயிற்சி, பூட்ஸ் காலுடன் மணிக்கணக்கில் நிற்பது, ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு ஓடியே போவது, குறைந்த தூக்கம். தேர்வுகளைவிட உடலை அதிகமாகத் தேய்ப்பது இந்த அன்றாட ஓட்டம்தான்.

## எடைபோடும் அளவுகோல்கள்

நான் முதலில் வைக்கும் அளவுகோல் கால் எலும்பு. ஓட்ட நேரம் அதற்குப் பிறகுதான். இது பலருக்கு விசித்திரமாகப் படலாம், அதனால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு நீளும், இதயம் பழகிக்கொள்ளும். தசை அதற்குச் சற்றுப் பின்னால் வரும். எலும்பு மிக மெதுவாக வரும். சுமை கூடும்போது எலும்பு தன்னில் ஒரு பகுதியைக் கரைத்து, அந்த இடத்தைப் புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முழுமையாக முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். கரைந்த இடம் இன்னும் கட்டப்படாமல் இருக்கும் வாரங்களில் சுமையைத் திடீரென்று இரட்டிப்பாக்கினால் அங்கே மயிரிழைப் பிளவு விழுகிறது. அதுதான் அழுத்த முறிவு. உலகெங்கும் ராணுவப் பயிற்சி மையங்களில் புதியவர்களை அதிகம் முடக்கும் காயங்களில் இதுவும் ஒன்று. முன்பு அதிகம் ஓடிப் பழகாதவர்களுக்கும் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல்.

ஆகவே எட்டு வாரம் கடுமையாக ஓடி 2.4 கி.மீ.யைப் பத்து நிமிடத்தில் முடிக்கும் ஒருவரைவிட, ஐந்து மாதம் பொறுமையாக ஓடிப் பதினொரு நிமிடத்தில் முடிப்பவர் பல நேரங்களில் நல்ல நிலையில் உள்ளே போகிறார். குறையும் அரை நிமிடத்தை அங்குள்ள உஸ்தாத்கள், அதாவது பயிற்றுநர்கள், எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். பிளவுபட்ட எலும்புக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது, ஓய்வுதான். பல வாரம் பயிற்சியைத் தவறவிட்டால் அடுத்துச் சேரும் அணிக்குத் தள்ளப்படலாம். கூடவே சேர்ந்தவர்கள் அதிகாரிகளாக வெளியேறும்போது நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதைவிடத் துயரமானதும் உண்டு. பயிற்சியில் படுகாயமடைந்து, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்கள் (பயிற்சி மாணவர்கள்) அதிகாரி ஆணை பெறும் முன்பே போய்விடுவதால், முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெறுவதில்லை. இவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த இளைஞர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரியது. விபத்துகளை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். தயாரிப்பில்லாத உடலால் வரும் காயத்தைத் தடுக்க முடியும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்ட வேகத்தை முறையாகக் கூட்ட வழியிருக்கிறதா? ஏறிப் பழகக் கயிறு, புல்-அப்ஸ் எடுக்கப் பார், நீச்சல்குளம் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? நீங்கள் தப்பாக ஓடினால் சொல்வதற்கும், வலியோடு ஓடினால் நிறுத்துவதற்கும் ஒரு கண் இருக்கிறதா? வெயில் பழகுமா? கட்டணத்துக்கு அப்பால் என்னென்ன செலவாகும்?

வெயிலைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஓ.டி.ஏ.வில் பயிற்சிகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகின்றன. ஏப்ரலில் சேர்கிறவர் பழகி நிமிர்வதற்குள் கத்திரி வந்துவிடும். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடு இறங்காது. உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். உதகையிலிருந்தோ பெங்களூரின் குளிரூட்டிய அலுவலகத்திலிருந்தோ நேராக வந்து இறங்குபவர் இதை மறந்துவிடக் கூடாது.

## முதல் வழி: தனியாக, ஊர் மைதானத்தில்

பணச் செலவு மிகக் குறைவு. நல்ல ஓட்டக் காலணி ஒன்று, பள்ளி மைதானத்தில் ஒரு பார், ஒரு கைக்கடிகாரம். மண் தரை கிடைத்தால் தார்ச்சாலையைவிடக் காலுக்கு இதம். பயிற்சியின் வேகத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்பது இதன் மிகப் பெரிய நன்மை. வலித்தால் நிறுத்தலாம், கூட்டத்தோடு இழுபட வேண்டியதில்லை.

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். அதில் ஒரு நாள் மட்டும் வேகம்: 400 மீட்டரை 105 முதல் 110 வினாடிக்குள் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவது. நான்கில் தொடங்கி ஆறு, எட்டு என்று உயர்த்தலாம். இன்னொரு நாள் நீண்ட, மெதுவான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் மெதுவான ஓட்டம். மற்ற இரு நாள்களும் இலகுவாக. வாரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது வாரத்தில் வேண்டுமென்றே குறைக்க வேண்டும். எலும்பு கட்டிக்கொள்வதற்கு அந்த வாரம்தான் அவகாசம்.

புல்-அப்ஸ் ஒன்றுகூட வராதவர்கள் ஒரு கட்டையின் மேல் ஏறித் தாடை பாருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து வினாடி எடுத்து மெல்ல இறங்கிப் பழக வேண்டும். இழுத்து ஏறும் பலம் இப்படி இறங்குவதிலேயே வளரும். பெண்களுக்குக் கேட்கப்படும் இரண்டு புல்-அப்ஸைப் பலர் முடியாதென்று விட்டுவிடுகிறார்கள். பொறுமையாக மூன்று, நான்கு மாதம் இப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கைகூடும்.

மறைமுகச் செலவு எங்கே என்றால், பார்க்க ஆளில்லை என்பதில். உற்சாகமான நாளில் அளவுக்கு மீறி ஓடிவிடுவோம், சோர்வான நாளில் போர்வைக்குள் கிடந்துவிடுவோம். குதிகால் தரையில் அறைந்து ஓடுவது, நீட்டி நீட்டி அடியெடுத்து வைப்பது போன்ற பழக்கங்கள் நமக்கே தெரியாது. விடியற்காலை இருட்டில் தனியாகச் சாலையில் ஓடுவது பெண்களுக்குப் பல ஊர்களில் இன்னும் பாதுகாப்பாக இல்லை. தெருநாய்த் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கயிறும் நீச்சல்குளமும் ஊர் மைதானத்தில் இருக்காது.

பள்ளி, கல்லூரியில் தடகளமோ கால்பந்தோ ஆடியவர், என்.சி.சி.யில் முகாம்களுக்குப் போய்ப் பழகியவர், கையில் நான்கு மாதத்துக்கு மேல் உள்ளவர் ஆகியோருக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். ஓட்டமே புதிது என்பவருக்கு இது மட்டும் போதாது.

## இரண்டாவது வழி: ஜிம்

ஜிம்மை முதன்மை வழியாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குளிரூட்டிய அறையில் டிரெட்மில் ஓட்டம் மூச்சுக்கு உதவும், வெயிலைப் பழக்காது, மேடுபள்ளத்தையும் பழக்காது. கண்ணாடி முன்னால் வளரும் மார்பும் புஜமும் 5 கி.மீ. ஓட்டத்தில் சுமக்க வேண்டிய எடையாக மாறிவிடும்.

ஆனால் துணைவழியாக அதற்கு நல்ல இடம் உண்டு. முதுகு, இடுப்பு, தொடையின் பின்தசை ஆகியவை வலுவாக இருந்தால் முழங்கால் காயம் குறையும். வாரம் இரண்டு நாள் டெட்லிஃப்ட், ஸ்குவாட், முதுகுப் பயிற்சிகள், கெண்டைக்காலை உயர்த்தும் பயிற்சி, இவை போதும். ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ஓட்டம் நன்றாக வந்து கைப்பலம் மட்டும் குறைவாக உள்ளவர்களுக்கும் பலன் தெரியும்.

மாதக் கட்டணத்தைவிட அதிகம் பணம் போவது புரதத் தூளுக்கு. முட்டை, பயறு, பால், மீன் சாப்பிடும் இளைஞருக்கு அது தேவையே இல்லை. சில இடங்களில் ஊசி, மாத்திரை என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு எழுந்த அன்றே அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

## மூன்றாவது வழி: விளையாட்டரங்கத்தில் தடகளப் பயிற்சியாளர்

பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டரங்கங்கள் இருக்கின்றன. பலவற்றில் ஓடுதடமும் தடகளப் பயிற்சியாளரும் உண்டு. தனியார் தடகள மன்றங்களும் அதே தடத்தில் காலையிலும் மாலையிலும் பயிற்சி அளிக்கின்றன. கட்டணம் தங்கும் மையங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

தடகளப் பயிற்சியாளருக்குத் தெரிந்த முக்கியமான விஷயம், எப்போது ஓடக் கூடாது என்பது. கடின நாளுக்கு மறுநாள் இலகுவான நாள், போட்டிக்கு முன்னால் ஓய்வு, வலி வந்தால் இரண்டு நாள் நடை. இவையெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் இயல்பு. ஓடும்போது தோள் இறுகுகிறதா, கால் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார். 2.4 கி.மீ. என்பது 1500 மீட்டருக்கும் 3000 மீட்டருக்கும் இடைப்பட்ட தூரம், நடுத்தூர ஓட்டம் பயிற்றுவிப்பவருக்கு அது கைவந்த கலை. மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் கூடும் இடம் என்பதால் பெண்களுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. அவருக்கு ராணுவப் பயிற்சியின் அன்றாடம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் நாளே அறிவிக்கையின் நகலைக் கையில் கொடுத்து, சேரும் தேதியையும் சொல்லிவிடுங்கள். பள்ளி மாணவர்களைப் போட்டிக்குத் தயார்செய்யும் பரபரப்பில் உங்களுக்குத் தனிக் கவனம் கிடைக்காமல் போகலாம். எப்போதும் வழவழப்பான செயற்கைத் தடத்திலேயே ஓடிப் பழகினால் கரடுமுரடான தரை புதிதாக இருக்கும். வாரம் ஒரு நாள் வெளியே மண் பாதையில் ஓடுவது அதற்குப் பரிகாரம்.

தொலைவுதான் இதன் மறைமுகச் செலவு. மாவட்டத் தலைநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தினமும் விடியற்காலைப் பஸ்ஸில் போய்வர முடியாது. அவர் வாரம் இரண்டு நாள் மட்டும் போய், மீதி நாள்களுக்கான பயிற்சியை எழுதி வாங்கி வந்து ஊரில் ஓடலாம். பெரும்பாலான பயிற்சியாளர்கள் இதற்கு மறுப்பதில்லை.

சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு நீச்சல்குளமும் எட்டும் தூரத்தில் கிடைத்துவிடும். நீச்சலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். காலுக்குச் சுமையே இல்லாமல் மூச்சைக் கூட்டும் வழி அது, வலி வந்த வாரங்களில் ஓட்டத்துக்கு மாற்றாகவும் கைகொடுக்கும். எலும்பை மட்டும் அது வலுப்படுத்தாது.

## நான்காவது வழி: தங்கிப் பயிலும் தனியார் மையம்

பெற்றோருக்கு மிகவும் ஆறுதல் தரும் வழி இதுதான். காலை நான்கரைக்கு விசில், வரிசை, ஓட்டம், உணவு, மாலையில் மறுபடி மைதானம். ஓய்வுபெற்ற ஹவில்தார்களும் சுபேதார்களும் நடத்தும் மையங்களில் உண்மையான அக்கறையும் கட்டுப்பாடும் இருப்பதை மறுக்க முடியாது. இரவு ஒரு மணிக்குத் தூங்கிக் காலை ஒன்பதுக்கு எழும் பழக்கத்தில் ஊறிய பட்டதாரிக்கு, சேரும் முன் அந்த ஒழுங்கு உடலில் இறங்குவது பெரிய லாபம்.

இன்னொரு லாபம் கயிறு. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் ஒரு பிரிவாக இருப்பதால், காவலர் தேர்வுக்கும் பயிற்சி தரும் மையங்களில் நல்ல கயிறும், அதைக் கற்றுத்தரத் தெரிந்த ஆளும் இருப்பார்கள். கைப்பலத்தால் மட்டும் ஏற முயன்று பாதியில் தொங்கும் பிள்ளைக்கு, பாதங்களால் கயிற்றைக் கவ்விப் பூட்டிக் காலால் உந்தி ஏறும் முறையை அவர்கள் சில நாளில் பழக்கிவிடுவார்கள்.

இந்த மையங்கள் பெரும்பாலும் அக்னிவீர், காவலர் தேர்வுகளுக்காகவே அமைந்தவை. 1.6 கி.மீ.யும் 1500 மீட்டரும்தான் அவற்றின் உயிர்நாடி. முகாம் தேதி நெருங்கும்போது தினமும் நேரம் பார்த்து முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். அவர்கள் நோக்கத்துக்கு அது ஓரளவு சரி. ஒரு காலைப் பொழுதுக்காக உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள், பிறகு ஓய்வு கிடைத்துவிடும். நீங்களோ அந்த உச்சத்திலிருந்து நேராக இன்னும் கடினமான 49 வாரத்துக்குள் நுழையப் போகிறீர்கள். தேய்ந்த காலோடு உள்ளே போவது இந்த வழியின் பெரிய ஆபத்து.

கூட்டத்தோடு ஓடுவதில் வேறொரு சிக்கல். ஐம்பது பேர் ஓடும்போது வேகத்தைத் தீர்மானிப்பவர்கள் முன்னால் ஓடும் ஐந்து பேர். பின்னால் வருபவருக்குத் தினமும் கடின நாள்தான். வலிக்கிறது என்று சொன்னால் சாக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், பிளவை அல்ல.

தண்டனையாக முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைக்கும் இடங்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழகாத தசை ஒரேயடியாகச் சிதைந்தால் அதிலிருந்து வெளியாகும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது மருத்துவ அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டணம், உணவு, சீருடை தவிர இன்னும் சில செலவுகள் கணக்கில் வராமல் இருக்கும். மூன்று மாதச் சம்பளம் அல்லது கல்லூரியின் கடைசிப் பருவம் கைவிட்டுப் போகலாம். ஒரே அறையில் பலர் தங்கும் இடங்களில் தோல் படையும் காய்ச்சலும் சுலபமாகப் பரவும். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். ஓ.டி.ஏ.வுக்குச் சேரும்போது அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் நேரில் போய் ஒரு காலைப் பயிற்சியைப் பாருங்கள். காயம்பட்டவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களுக்கென்று தனிப் பயிற்சி இருந்தால் நல்ல இடம். அவர்களும் நொண்டிக்கொண்டே ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் வெற்றியாளர் படங்களில் உங்களைப் போல அதிகாரிப் பயிற்சிக்குப் போனவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தனியாக | ஜிம் | விளையாட்டரங்கம் | தங்கும் மையம் |
|---|---|---|---|---|
| கால் எலும்புக்கு | பொறுமை இருந்தால் நல்லது | துணைக்கு நல்லது | மிக நல்லது | இடத்தைப் பொறுத்தது, ஆபத்து அதிகம் |
| ஓட்ட வேகம் | மெல்ல வரும் | போதாது | நன்றாக வரும் | வேகமாக வரும், நிலைக்க உத்தரவாதமில்லை |
| கயிறு, பார் | பார் மட்டும் | பார் உண்டு | பெரும்பாலும் பார் மட்டும் | இரண்டும் உண்டு |
| வெயில் பழக்கம் | உண்டு | இல்லை | உண்டு | உண்டு |
| கவனிக்கும் கண் | இல்லை | குறைவு | உண்டு | கூட்டத்தைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | தவறான பழக்கம், பாதுகாப்பு | புரதத் தூள் | பயண நேரம் | வேலை அல்லது படிப்பு இழப்பு, காயம் |

## யாருக்கு எது?

நான்கு மாதத்துக்கு மேல் இருந்து, விளையாட்டரங்கம் எட்டும் தூரத்தில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மூன்றாவது வழி. அதோடு வாரம் இரண்டு நாள் ஜிம்மோ வீட்டிலேயே பாரும் புஷ்-அப்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் சனிக்கிழமைகளில் மட்டும் காவலர் பயிற்சி மையம் ஒன்றில் கயிறு பழக அனுமதி கேளுங்கள், தினக் கட்டணத்துக்குச் சம்மதிக்கும் மையங்கள் கிடைக்கும்.

விளையாட்டரங்கம் தொலைவில் இருந்து, விளையாட்டுப் பின்னணியும் இருந்தால் தனியாகவே போகலாம். மாதம் ஒரு முறை 2.4 கி.மீ. நேரம் பார்த்து எழுதிவையுங்கள். அடிக்கடி பார்க்க வேண்டாம்.

விளையாட்டுப் பின்னணியே இல்லை, தானாக எழுந்து ஓடும் பழக்கமும் இல்லை, ஆனால் ஐந்தாறு மாதம் கையில் இருக்கிறது என்றால் நல்ல தங்கும் மையத்தில் முதல் ஆறு வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பித் தனியாகத் தொடரலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கடைசி ஆறு வாரம் மையத்தில் போய் விழுகிறார்கள். நான்கு வழிகளையும் வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வுதான் மிக மோசமானது.

ஆறு வாரத்துக்கும் குறைவாக இருப்பவர் எந்த மையத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். தினமும் நடை, வாரம் மூன்று நாள் மெதுவான ஓட்டம், புஷ்-அப்ஸ், பார், நீச்சல், வெயிலில் சிறிது நேரம், இரவு பத்துக்குள் தூக்கம். புதிதாக வேகப் பயிற்சி தொடங்கும் காலம் அல்ல அது. 12 நிமிடத்தில் ஓடுகிறவர் 11 நிமிடம் 40 வினாடிக்கு வந்தால் போதும், காயமில்லாத கால்தான் முக்கியம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள், என்.டி.ஏ.வில் 2022 முதல். ஓட்டத்தைக் கூட்டும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் வைட்டமின் டி அளவையும் பரிசோதித்துவிடுங்கள். ரத்தச்சோகையோடு எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையாது, பயிற்சியாளரின் மேல் குறை சொல்வதில் பயனில்லை. பயிற்சி கூடும்போது மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ உடல் பட்டினி கிடப்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்பும் அதோடு மெலியலாம். சாப்பாட்டைக் கூட்டி, மருத்துவரைப் பாருங்கள். கேழ்வரகு, நெத்திலி, பால், தயிர், கீரை எல்லாம் நம் சமையலறையிலேயே இருக்கின்றன.

## எந்த வழியானாலும் இரண்டு எச்சரிக்கைகள்

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, உடல் சூடானதும் குறைந்தால் தூரத்தைப் பாதியாக்கி ஒரு வாரம் பார்க்கலாம். ஒரே புள்ளியில், விரல்நுனி அகலத்தில் சுள்ளென்று வலித்து, ஓட ஓடக் கூடி, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பிளவு தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மறுபடி ஓடிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று முதுகுச் சுமை. பி.பி.இ.டி.யை நினைத்து மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. வேண்டாம். வாரம் ஒரு முறை ஐந்தாறு கிலோ பையோடு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் தோளும் முதுகும் பழகிவிடும். சுமையோடு ஓடுவதை அங்கே படிப்படியாகக் கற்றுத்தருவார்கள்.

சேர்வதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஓட்டத் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். வேகச் சுற்றுகள் வாரத்துக்கு ஒரு முறை, நான்கு போதும். புதுக் காலணி வாங்குவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கி, ஓடிப் பழக்கி, அதையே பெட்டியில் வையுங்கள். கால் நகங்களை வெட்டி, பாதத்தில் வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் ஆற்றிவிட்டுப் புறப்படுங்கள். பல் வலியையும் இழுத்தடிக்காமல் ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே போன முதல் மாதத்தில் பல் மருத்துவருக்காக ஒரு காலைப் பயிற்சியை இழப்பதுகூடக் கடினமாக இருக்கும்.